பேட்டிக்குப் போகும் பிள்ளை படிக்க வேண்டிய வரலாறு

பிரிட்டனிலே மருத்துவக் கல்லூரிக்கு மனுச் செய்த பிள்ளைகளைக் குளிர்காலத்தில் பேட்டிக்கு அழைக்கிறார்கள். எலும்பு எத்தனை, நரம்பு எத்தனை என்று கணக்குக் கேட்பதற்கல்ல. அதைப் பள்ளித் தேர்வு பார்த்துக்கொள்ளும். "என்.எச்.எஸ். எனும் தேசிய சுகாதார சேவையில் வேலை பார்க்க வருகிறாயே, அது எதற்காகப் பிறந்தது? யார் பணத்தில் நடக்கிறது? இன்று அதற்கே வந்திருக்கிற நோய் என்ன?" என்று கேட்கிறார்கள்.

நல்ல கேள்வி! நாம் வரவேற்கிற கேள்வி! ஆனால், கேள்வி பிறந்தால் அதை விற்கக் கடையும் பிறக்குமல்லவா? பிறந்துவிட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு பதிலைப் பொட்டலம் கட்டித் தருகிறார்கள். எல்லோருக்கும் மருத்துவம்; சிகிச்சை பெறும்போது கட்டணமில்லை; பணத்தைப் பார்த்தல்ல, நோயைப் பார்த்தே கவனிப்பு. 1948-இல் வகுத்த இந்த மூன்று கொள்கைகளையும் கிளிப்பிள்ளை போல் ஒப்புவிக்கப் பழக்குகிறார்கள். ஒப்புவிக்கக் காசு உள்ளவன் பழகிக்கொள்கிறான். அந்தக் கொள்கைகளைத் தன் கூலியிலிருந்து காசு எடுத்து வைத்து உண்டாக்கினானே ஒரு பாட்டாளி, அவன் பேரன் எங்கே நிற்கிறான்? அதுதான் நம் கவலை.

தென் வேல்ஸில் டிரெடிகர் என்று ஒரு சுரங்க ஊர். பூமிக்கு அடியில் கரி வெட்டியவன் மேலே வந்து கரியாகவே இருமிச் செத்த ஊர். அவ்வூர்த் தொழிலாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கூலியில் பவுனுக்குச் சில பென்ஸ் என்று எடுத்துப் போட்டு, மருத்துவ உதவிச் சங்கம் ஒன்றை நடத்தினார்கள். சங்கம் மருத்துவரை வேலைக்கு அமர்த்தியது. மனைவி பிரசவமா, பிள்ளைக்குக் காய்ச்சலா, மருத்துவர் வந்தார். சீமான் வீட்டுத் தருமமல்ல அது, மாதாகோவில் பிச்சையுமல்ல. சந்தா கட்டியவனின் உரிமை! ஆங்கில நாவலாசிரியர் குரோனின் 1920-களில் அந்தச் சங்கத்து மருத்துவராக இருந்தவர்தான்.

அந்த ஊரில் 1897-இல் பிறந்தவர் அனூரின் பெவன். சுரங்கத் தொழிலாளியின் மகன். பதின்மூன்று வயதில் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட்டு, தானும் சுரங்கத்துக்குப் போனவர். தந்தை 1925-இல் நிலக்கரித் தூசு நுரையீரலை அரித்து மாண்டார். நஷ்டஈடு என்று ஒரு காசு கிடைக்கவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குத் திக்குவாய்! வார்த்தை தொண்டையில் சிக்கும். சிக்கிய வார்த்தைக்குப் பதில் வேறு வார்த்தையைத் தேடித் தேடி நூலகத்தில் கிடந்தவர், பிற்காலத்தில் நாடாளுமன்றமே காது கொடுத்துக் கேட்ட நாவலரானார். மேடை ஏறக் கூச்சப்படும் நம் இளைஞர்கள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

1942-இல் பெவரிட்ஜ் அறிக்கை வந்தது. 1945 தேர்தலில் தொழிற்கட்சி வென்றது, அட்லி பிரதமரானார், பெவன் சுகாதார அமைச்சரானார். டிரெடிகரில் ஊருக்கு ஒரு சங்கம் செய்ததை நாட்டுக்கே செய்யப் புறப்பட்டார். இரண்டாயிரத்து அறுநூறுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளை அரசு ஏற்றது.

எதிர்த்தவர் யார்? நோயாளியா? இல்லை, மருத்துவர்! 1948 பிப்ரவரியில் மருத்துவர் சங்கம் வாக்கெடுப்பு நடத்தியது. வாக்களித்தவர்களில் ஏறத்தாழப் பத்துக்கு ஒன்பது பேர் 'கூடாது' என்றார்கள். பெவன் பின்வாங்கவில்லை. பெரிய நிபுணர்களுக்கு மட்டும் தனித்தொழில் செய்ய இடம் விட்டுக் கொடுத்தார். சமரசம்தான், நமக்குப் பிடிக்காத சமரசம்தான். ஆனால் அதைக் கொடுத்து அவர் வாங்கியது சின்னச் சரக்கல்ல. அதே ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் கதவு திறந்தது. பேட்டி எடுக்க எதிரே உட்கார்ந்திருக்கும் பெரிய மருத்துவரின் ஆசானுக்கு ஆசான், அன்று எதிர்த்து வாக்களித்தவராகக்கூட இருக்கலாம். கடைச் சரக்கில் இந்தப் பக்கம் அச்சாவதுண்டோ, இல்லையோ!

புகழ் பாடிவிட்டுப் போக நாம் வரவில்லை. மூன்றே ஆண்டில், 1951-இல், பல்செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் கட்டணம் என்றது சொந்தக் கட்சி அரசு. பெவன் பதவியைத் தூக்கி எறிந்தார். 1952-இல் மருந்துச் சீட்டுக்கும் கட்டணம் வந்தது. இங்கிலாந்தில் இன்றும் இருக்கிறது. வேல்ஸ் 2007-இலும், வட அயர்லாந்து 2010-இலும், ஸ்காட்லாந்து 2011-இலும் அதை ஒழித்தன. எப்படி முடிந்தது? சுகாதாரம் அவரவர் கையில் இருக்கிறது; அதனால் முடிந்தது! மாநில சுயாட்சி கேட்டால் நாடு உடைந்துவிடும் என்று இங்கே ஒப்பாரி வைப்போர், அங்கே எந்தத் துண்டு உடைந்து விழுந்தது என்று காட்டட்டும்.

இன்றைய நோய் காத்திருப்பு. 2023 செப்டம்பரில் இங்கிலாந்தின் காத்திருப்போர் பட்டியல் ஏறத்தாழ 77 லட்சத்தைத் தொட்டது. பதினெட்டு வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற விதியை 2016-க்குப் பிறகு அவர்கள் எட்டவேயில்லை. இடுப்பு எலும்பு அறுவைக்காக மாதக்கணக்கில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கும் பாட்டியோடு ஒரே வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு இதைப் புத்தகம் சொல்லித்தர வேண்டுமா?

அந்தச் சேவையைத் தாங்கிப் பிடித்தவர் பட்டியலில் நம்மவரும் உண்டு. 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சர் ஈனக் பவல். இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் போன இளம் மருத்துவர்களை நம்பித்தான் அவர் துறை நடந்தது. அதே பவல் 1968-இல் பர்மிங்ஹாமில் நின்று, குடியேறியவர்கள்மீது நஞ்சைக் கக்கினார்! வெள்ளையர் விரும்பாத முதியோர் மருத்துவமும் மனநோய் மருத்துவமும் நம்மவர் தலையில் விழுந்தன. பெவன் பிறந்த சுரங்கப் பள்ளத்தாக்குகளில் குடும்ப மருத்துவராகக் காலம் கழித்தவர்களும் நம் மண்டலத்தவர்தான். சென்னையில் படித்துப் போனவரும் யாழ்ப்பாணத்திலிருந்து போனவரும் அந்தச் சேவையில் இருந்தார்கள், இருக்கிறார்கள்.

அப்படிப்பட்டவர் பிள்ளை கல்லூரி வாசலுக்கு வந்தபோது என்ன நடந்தது? லண்டன் செயின்ட் ஜார்ஜ் மருத்துவக் கல்லூரியில், யாரைப் பேட்டிக்கு அழைப்பது என்று ஒரு கணினி சலித்தது. ஐரோப்பியப் பெயரில்லையா, மதிப்பைக் குறை! பெண்ணா, மதிப்பைக் குறை! 1988-இல் இனச் சமத்துவ ஆணையம் இதை அம்பலமாக்கியது. இயந்திரத்தை ஏன் ஏசுவது? அதற்குமுன் நாற்காலியில் உட்கார்ந்து மனிதர்கள் செய்ததைத்தான் அது படி எடுத்தது. 2014-இல் அந்நாட்டு மருத்துவக் கல்லூரிகள் மன்றமே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டது: மருத்துவப் படிப்புக்கு மனுச் செய்வோரில் 80 விழுக்காட்டினர் 20 விழுக்காட்டுப் பள்ளிகளிலிருந்து வருகிறார்கள், பாதிப் பள்ளிகளிலிருந்து மனுவே வருவதில்லை!

திறமை அந்த ஐந்தில் ஒரு பங்குப் பள்ளிகளில்தான் முளைக்குமோ? 'தகுதி, தகுதி' என்று தாளம் போடுவோர் பதில் சொல்லட்டும். லண்டன் கிங்ஸ் கல்லூரி 2001-இலேயே வசதி குறைந்த பகுதிப் பிள்ளைகளுக்கென்று மதிப்பெண்ணைத் தளர்த்தி, ஓராண்டு கூட்டி, தனி வகுப்புத் தொடங்கிவிட்டது. இடஒதுக்கீடு என்ற பெயர் வைக்கவில்லை, அவ்வளவுதான்.

இங்கே நம் பிள்ளைகளுக்கு நேர்முகம் என்றாலே வயிறு கலங்கும். அந்தச் சல்லடையை மீண்டும் கொண்டுவரச் சொல்லவில்லை நாம். நுழைவுத் தேர்வை ஒழிக்கக் கலைஞர் ஆட்சி 2006-இல் சட்டம் செய்தது. அதை மிதித்துக்கொண்டு 2017-இல் நீட் வந்தது. 180 கேள்வி, 720 மதிப்பெண். இயற்பியல் உண்டு, வேதியியல் உண்டு, உயிரியல் உண்டு. ஊர் ஓரத்து ஆரம்ப சுகாதார நிலையம் யாருக்காக இருக்கிறது என்று ஒரே ஒரு கேள்வி உண்டா? பயிற்சிக் கடைக்குப் பணம் உண்டா என்ற கேள்விதானே எழுதாமல் எழுதியிருக்கிறது!

பேட்டிக்குக் காத்திருக்கும் நம் தோழர்களின் பிள்ளைகள் லண்டனில் ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் இருப்பார்கள். தந்தை கடையிலே நிற்பவராயிருக்கலாம், பேருந்து ஓட்டுபவராயிருக்கலாம். அவர்களுக்குச் சொல்கிறோம்: தேசிய சுகாதார சேவையின் சாசனம் 2009-இல் வெளியானது, விலையில்லாமல் கிடைக்கிறது, படியுங்கள். மருத்துவர் வீட்டுப் பிள்ளை அப்பாவின் நண்பர் மருத்துவமனையில் ஒரு வாரம் சுற்றிவிட்டு வந்ததை அனுபவம் என்று அளப்பான். அஞ்ச வேண்டாம். முதியோர் இல்லத்தில் கிழவிக்குச் சோறூட்டியதும், படுக்கையைத் துடைத்ததும் அனுபவம்தான் என்று கல்லூரிகளே ஏற்கின்றன. அம்மாவுக்கு மொழிபெயர்க்க மருத்துவமனைக்குப் போய், நான்கு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்ததை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கேள்வி வந்ததும் அதிலிருந்தே தொடங்குங்கள்.