எலிக்குத் தெரிவது நமக்குத் தெரியுமா?

“பிறவி எதிர்ப்பாற்றல் எல்லா உயிருக்கும் ஒன்றே, எலியில் நிரூபித்தால் போதும்” என்கிறார்கள். போதாது. அடிப்படை ஒன்றுதான், உணரிகள் வேறு. உயிரணுவுக்குள் நுழையும் பாக்டீரியாப் புரதங்களை அறிய எலிக்குப் பல ‘நைப்’ உணரிகள், மனிதருக்கு ஒன்றே. பாக்டீரியா உறையிலுள்ள லிப்போபாலிசாக்கரைடை எலியில் காஸ்பேஸ்-11 என்னும் நொதி கண்டுபிடிக்கிறது, நம்மில் காஸ்பேஸ்-4. துலரேமியாக் கிருமியின் மாற்றுவடிவ லிப்போபாலிசாக்கரைடை எலியின் உணரி தவறவிடுகிறது, நம்முடையது பிடித்துவிடுகிறது.

பெரம்பலூர் மக்காச்சோளக் காட்டிலோ அரியலூர் முந்திரித் தோப்பிலோ வேலை செய்பவரை ஸ்க்ரப் டைஃபஸ் கிருமியுள்ள சிற்றுண்ணி கடித்தால்? அந்தக் கிருமிக்கு லிப்போபாலிசாக்கரைடே கிடையாது! அதைத் தேடும் காஸ்பேஸ் காவல் அங்கே எதைப் பிடிக்கும்?

சிகிச்சைக்கான விடையும் மனிதரிடமே கிடைத்தது. கடுமையான ஸ்க்ரப் டைஃபஸுக்கு டாக்சிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்துச் சிரையில் ஏற்றுவதே மேல் என்று 2023இல் காட்டியது, வேலூர் சி.எம்.சி. தலைமையில் நோயாளிகளிடம் நடந்த ஆய்வு. எலி கேள்வியைக் கூர்மையாக்கலாம். விடைத்தாளில் கையெழுத்திட அதற்கு உரிமையில்லை.