வெள்ளவத்தையும் நெய்தல் நிலமே

சென்ற மாதம் பத்தாம் வகுப்பு மாணவர்க்கு ‘எனது ஊர்’ என்னும் பொருளிற் கட்டுரை வரையுமாறு பணித்தேன். முப்பத்திரண்டு பேர் எழுதினர். அவருட் பெரும்பாலோர் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பிறந்து வளர்ந்தவர். ஆயினும் ஏடுகளைத் திருத்த அமர்ந்தபோது, பனந்தோப்பும் துலாக்கிணறும் தேர்த்திருவிழாவுமே ஏடுதோறும் எதிர்ப்பட்டன. விடுமுறையிற் பத்து நாள் கண்ட ஊரையே தம் ஊரென எழுதியிருந்தனர். பதினைந்து ஆண்டாக நாளும் தம் காதில் விழும் கடலோசையை எழுதியவள் ஒருத்தியே. குற்றம் பிள்ளைகளுடையதன்று, அவர்க்கு அங்ஙனம் பழக்கியவர் நாமே.

நாம் இங்கு வாழவில்லை, தங்கியிருக்கிறோம் என்பது வெள்ளவத்தைத் தமிழரின் எழுதாச் சட்டம். இதற்கு நானும் விலக்கல்லேன். 1996ஆம் ஆண்டு, இரண்டு மாதத் தங்கல் என்றெண்ணி, லொட்ஜ் ஒன்றின் அறையில் என் தகரப் பெட்டியை இறக்கி வைத்தேன். இரும்புக் கட்டில்கள் நான்கு. குழாயடியில் விடியற்காலை வரிசை. சட்டைப்பையில் எப்பொழுதும் பொலிஸ் பதிவுத் துண்டு. பகலில் இளைஞர் கோப்புறையோடு தூதரகங்களுக்குச் செல்வர். மாலையில் யாவரும் தொலைபேசிக் கடையின் வாங்கில் அமர்ந்து, ரொறன்ரோவிலிருந்தோ இலண்டனிலிருந்தோ அழைப்பு வந்து தம் பெயர் கூப்பிடப்படுமா எனக் காத்திருப்பர். எங்கள் அறையில் வடமராட்சிப் பெரியவர் ஒருவர் பதினொரு மாதம் இருந்தார். ஒரே வேட்டியை நாள்தோறும் தோய்த்து உலர்த்துவார். சந்தையிற் கத்தரிக்காய் என்ன விலை, எந்தக் கடையில் இடியப்பத்துக்குச் சொதி தாராளம் என்பனவெல்லாம் அவர் அறிவார். பொழுதுபடும் வேளையில் கரைக் கற்களின்மேல் அமர்வார். கடலை நோக்கியன்று, இருப்புப்பாதையை நோக்கி. “கடலைப் பார்க்க நான் வரவில்லைத் தம்பி” என்பார்.

அவர் பாராத அக்கடலைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன். நெய்தலுக்கு உரிப்பொருள் இரங்கல். சிறுபொழுது எற்பாடு, அதாவது கதிர் சாயும் வேளை. தமிழகத்தின் கிழக்குக் கரையில் நிற்பவனுக்கு ஞாயிறு கடலிலிருந்து எழும்; வெள்ளவத்தையில் நிற்பவனுக்கோ அது கடலிலே விழும். எற்பாட்டை இத்தனை ஆண்டு கரும்பலகையில் எழுதிப் போட்ட எனக்கு, அதன் பொருள் இந்தக் கரையில் நின்றபோதே முற்றும் விளங்கியது. கருப்பொருளுக்கும் குறைவில்லை. புன்னையைக் காணோம், தாழை உண்டு. மீன்கோட்பறை ஒலித்த இடத்தில், கோட்டையிலிருந்து மாத்தறை செல்லும் புகைவண்டி ஊதுகிறது. பிரிவு பாலைக்கு உரியதன்றோ என மாணவர் இடைமறிக்கலாம். பிரிந்தவன் விமானம் ஏறியபின், கரையில் எஞ்சியவர் நிலைக்கு இரங்கலன்றி வேறு பெயரில்லை. இத்துணையும் கைக்கெட்டும் தொலைவில் இருக்க, நம் எழுத்தாளர் யன்னலைச் சாத்திவிட்டு ஊர்க்கிணற்றைப் பாடுகின்றனர். லொட்ஜ் வாழ்வைத் தொட்ட கதைகள் சில உண்டென்பதை மறுக்கவில்லை. அவற்றிலும் அது கடந்து செல்லும் வழியாகவே வருகிறது. மனிதர் உண்டு உறங்கிய இடமாக வருவது அரிது.

பிறர் என்ன செய்கின்றனர் என்று பார்ப்போம். வியட்நாம் நாடு 2023 ஆகஸ்ட் முதல் தொண்ணூறு நாள் செல்லும் மின்விசா வழங்குகிறது. நா திராங், டா நாங் போன்ற கடற்கரை நகரங்களில் மேனாட்டார் மாதக்கணக்கில் அறையெடுத்துத் தங்குகின்றனர். அந்நாட்டு மொழி அவருட் பலர்க்குத் தெரியாது. இருந்தும் கட்டிப்பால் கலந்த கோப்பியின் விலை, காலையில் உண்ணும் நூடுல்ஸ் சூப், தெருவை நிறைக்கும் மோட்டார் சைக்கிள்கள், நண்பகல் உறக்கம் என அன்றாடத்தை ஒன்றுவிடாது எழுதி வைக்கின்றனர். அவர் விரும்பித் தங்குபவர், நம்மவர் வேறு வழியின்றித் தங்கியவர். ஆதலின் ஒப்பு முற்றும் பொருந்தாது. ஆனால் தொண்ணூறு நாட் பழகியவர்க்குச் சொல்வதற்கு இத்துணை இருக்குமாயின், முப்பது ஆண்டு இருந்த நமக்குச் சொல்ல ஒன்றுமில்லையா?

சந்தையும் சொதியும் இலக்கியமாகுமா என நண்பர் சிலர் நகைப்பர். அவர்க்கு ஒன்று நினைவூட்டுவேன். 2007ஆம் ஆண்டு யூன் 7ஆம் நாள், கொழும்பு லொட்ஜுகளில் இருந்த தமிழர் 376 பேர் பேருந்துகளில் ஏற்றப்பட்டு நகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். தக்க காரணமின்றித் தங்கியிருந்தனர் என்பதே அவர்மேற் சாற்றிய குற்றம். மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது; சட்டம் தன் கடனைச் செய்தது. இலக்கியம் செய்ததா? ஏன் இங்கிருக்கிறாய் என்று கேட்டவனுக்கு, இந்தக் கடையில் உண்கிறேன், இந்தக் குழாயில் நீர் பிடிக்கிறேன், இந்தக் கரையில் என் மகனை நினைத்து அழுகிறேன் என்று விடைகூறும் நூல் ஒன்று நம் கையில் இருந்ததா? வந்த அலுவல் முடிந்ததும் போய்விடுவோம் என்பதையே நாமும் சொல்லிக்கொண்டிருந்தோம். 1958இலும் 1983இலும் கொழும்புத் தமிழர் கப்பலேறி வடக்கே சென்றதை அறிந்தவர், பெட்டியைக் கட்டிலின் கீழ் வைத்திருப்பதை நான் குறைகூறேன். என் பெட்டியும் அங்கேதான் கிடக்கிறது. பெட்டியைக் கட்டிவைத்தவனும் ஏட்டைத் திறந்து எழுதலாமே.

ஊரை மறக்கச் சொல்கிறேன் என எவரும் கொள்ளற்க. யாழ்ப்பாணத்து மாம்பழம் ஒன்றுக்குக் கறுத்தக்கொழும்பான் என்று பெயர். அதைக் கொழும்பிலே விலைகொடுத்து வாங்கி, ஊர்ச்சுவை என்று உண்கிறோம். பழத்துக்கு இரண்டு ஊர் இருக்கலாமாயின், பிள்ளைக்கு இருத்தலாகாதோ!

கடலோசையை எழுதிய அம்மாணவியின் ஏட்டில் எழுத்துப்பிழைகள் பல. றகர ரகரம் அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆயினும் பனந்தோப்பு எழுதியவர் அனைவரினும் அவளுக்கே மிகுதியான புள்ளி இட்டேன். கடற்காற்றில் யன்னற் கம்பிகள் துருப்பிடிக்கின்றன என்றும், ஆண்டுதோறும் தைப்பொங்கலுக்கு முன் தந்தையார் அவற்றைச் சுரண்டிப் பெயின்ற் பூசுகிறார் என்றும், பூசும்போதெல்லாம் இது எங்கள் ஊரில்லை என்று சொல்கிறார் என்றும் அவள் எழுதியிருந்தாள். தூரிகையைக் கழுவுவது தன் வேலை என்றும் ஒரு வரி இருந்தது.