ஒரே பந்தி

நான் எழுத்தாளன் அல்லன். ரயில்வேயில் இருப்புப் பாதைப் பிரிவில் 36 ஆண்டுகள் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்று, சொந்த ஊரான நாகலாபுரத்தில் வசிப்பவன். சென்ற ஆண்டு, தென்னாப்பிரிக்காவில் டர்பன் நகரில் வேலை பார்க்கும் என் மகன் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தேன். அங்கே தெருமுனையில் இருந்த ஒரு சிறிய உணவகத்தைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

அதை நடத்தும் அம்மாள் நம் வம்சாவளி. தமிழ் பேச வராது. ஆனாலும் "வணக்கம் அங்கிள்" என்று சொல்லி, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்தார். என்ன விசேஷம் என்று கேட்டேன். "பன்னி சௌ" என்றார். திடுக்கிட்டேன்! நம் காதுக்கு அது வேறு பிராணி அல்லவா? வந்தது பன்றியும் இல்லை, முயலும் இல்லை. கால் பங்கு ரொட்டியைக் குடைந்து, உள்ளே காரமான பீன்ஸ் விதைக் குழம்பு. பக்கத்தில் துருவிய காரட்டும் வெங்காயமும் பச்சை மிளகாயும். ஆட்டுக்கறி ஊற்றியும் தருகிறார்கள்.

வேறு இடம் இல்லாததால் என் எதிரே ஒரு ஜூலு கட்டடத் தொழிலாளி வந்து அமர்ந்தார். குடைந்தெடுத்த ரொட்டியை முதலில் குழம்பில் தோய்த்துத் தின்ன வேண்டும் என்று எனக்குக் காட்டிக் கொடுத்தவர் அவரே. அவர் குடித்த 'மகேவு' என்ற பானத்தை நானும் வாங்கிக் குடித்தேன். புளித்த மக்காச்சோளக் கஞ்சி. ஆடி மாதக் கூழ் நினைவுக்கு வந்தது. டர்பனிலும் நம்மவர்கள் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள் என்று அந்த அம்மாள் சொன்னார்.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் டர்பனை அடைந்தது. 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றார்கள். சித்தூரை உள்ளடக்கிய அன்றைய வட ஆற்காடு மாவட்டத்தார் அவர்களில் ஏராளம். கரும்புத் தோட்டத்தில் மட்டுமல்ல, நேட்டால் ரயில்வேயிலும் உழைத்தார்கள். இதையெல்லாம் கேட்டுப் பெருமைப்பட்டேன்.

பெருமை அதிக நேரம் நிற்கவில்லை. பன்னி சௌ 1940-களை ஒட்டி, டர்பன் கிரே தெரு இந்திய உணவகங்களில் பிறந்தது என்பார்கள். 'பனியா' என்ற சொல்லே 'பன்னி' ஆயிற்றாம். அன்று கறுப்பின மக்கள் உள்ளே அமர்ந்து சாப்பிட முடியாது. தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், கையில் வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்பதற்காகவே ரொட்டி பாத்திரமாயிற்று என்பது அங்கே பலரும் சொல்லும் வரலாறு. 1953-இல் இந்தப் பிரிவினைக்குத் தனிச் சட்டமே வந்தது, 1990-இல்தான் நீக்கப்பட்டது. குடிப்பதிலும் பேதம் இருந்தது. 1962 வரை கறுப்பின மக்கள் மதுக்கடையில் மற்றவர்களைப் போல மது வாங்க முடியாது. நகராட்சி நடத்திய பீர் கூடங்களுக்குத்தான் போக வேண்டும்.

நம்மூரில் அப்படி இல்லை என்று சொல்ல வாய் எடுத்தேன்; சொல்ல முடியவில்லை. 1980-களில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. பாதையைப் பார்வையிட்டு வரும் வழியில் ஒரு டீக்கடை. எனக்குக் கண்ணாடி கிளாஸில் டீ. கூட வந்த கேங்மேன் ஒருவருக்குத் தனியாகத் தொங்கிய அலுமினியக் குவளையில் டீ. அவர் எட்ட நின்று குடித்துவிட்டு, தானே கழுவி மாட்டினார். தீண்டாமையை அரசியல் சட்டம் 1950-லேயே ஒழித்துவிட்டது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. அந்த டீயையும் மீதி வைக்காமல் குடித்தேன்.

இதை ஏன் சங்க இதழில் எழுதுகிறேன்? நம் பொங்கல் விருந்தை நினைத்துப் பாருங்கள். பந்தல் போட்டவர்களும், பாத்திரம் கழுவுகிறவர்களும், மண்டபம் பெருக்குகிறவர்களும் எல்லாப் பந்தியும் முடிந்த பிறகு பின்வாசலில் நின்று சாப்பிடுகிறார்கள். செயற்குழுவில் இருந்த நானும் அதைக் கண்டுகொண்டதில்லை. சாப்பாடு அதேதான், குறைவில்லை என்பீர்கள். டர்பனில் ரொட்டிக்குள் ஊற்றிக் கொடுத்ததும் அதே குழம்புதான். கொடுக்காதது நாற்காலி!

வேலை கெட்டுவிடும் என்று சிலர் சொல்லலாம். அரை மணி நேரம்தானே? அவர்களே கூச்சப்படுகிறார்கள் என்று சிலர் சொல்லலாம். இத்தனை காலம் பின்வாசலில் நிறுத்தினால் யாருக்கும் கூச்சம் வரும்.

1960-இல் எல்லை மாறியபோது எங்கள் சத்தியவேடு வட்டாரம் ஆந்திரத்தோடு சேர்ந்தது. அன்றிலிருந்து நமக்குரிய இடம் வேண்டும் என்று கேட்டு வருகிறோம். கேட்பது நியாயமே. அந்த இடத்தை நாம் பிறருக்கும் தர வேண்டாமா?

என் யோசனை எளியது. வரும் பொங்கலன்று முதல் பந்தியில் அவர்களும் நம்மோடு உட்காரட்டும். பரிமாறும் வேலையைச் செயற்குழு ஏற்கட்டும். சாம்பார் வாளியைத் தூக்க நான் தயார். கூட வருகிறவர்கள் பெயர் கொடுக்கவும்.