காந்தக் குகை

சென்ற மாதம் ஒரு நாள் மாலை, நமது நண்பர் ஒருவர் நம்மைத் தேடிக்கொண்டு வந்தார். வாசற்படி ஏறும்போதே சிரித்துக்கொண்டு வருகிற மனிதர். அன்று நாற்காலியில் உட்கார்ந்து வெகு நேரம் வாயே திறக்கவில்லை. பிறகு மெள்ள விஷயம் வெளிவந்தது. அவருடைய மனைவிக்கு இரண்டு மாதமாகத் தலைவலி. விடியற்காலையில் வலியோடேயே கண் விழிக்கிறார். சில நாட்களில் வாந்தியும் உண்டு. சுக்குப் பற்று, தைலம், மாத்திரை, மூக்குக் கண்ணாடி மாற்றுதல் எல்லாம் ஆகிவிட்டன. பத்து நாளைக்கு முன் வலது கை தானாகவே துடித்தது. பேச்சும் இரண்டு நிமிஷம் குழறிற்று. டாக்டர் பரிசோதித்துவிட்டு, தாமதிக்காமல் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து வரும்படி எழுதிக் கொடுத்திருக்கிறார்.

"எடுத்தாயிற்றா?" என்று கேட்டோம்.

"அம்மா வேண்டாம் என்கிறாள். 'படம் எடுத்தால் ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிடுவார்களே! எடுக்காதவரையில் ஒன்றும் இல்லைதானே?' என்கிறாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் பாதி மனது அப்படித்தான் இருக்கிறது" என்றார் நண்பர்.

நேயர்களே! அந்த அம்மாளை நினைத்துச் சிரிக்க நமக்கு மனம் வரவில்லை. நம்மில் எத்தனையோ பேருடைய நெஞ்சுக்குள் இதே நியாயம் ஒளிந்துகொண்டிருக்கிறது. வியாதிக்குப் பயப்படுவதைக் காட்டிலும், வியாதியைக் காட்டுகிற கண்ணாடிக்கு நாம் அதிகமாகப் பயப்படுகிறோம். ஆகையால், அன்று நண்பரிடம் பேசியதை இந்த வாரம் நேயர்களிடமும் பேசிவிடுவது என்று தீர்மானித்தோம்.

படம் இல்லாத காலம்

மூளையைப் படம் பிடிக்க வழி இல்லாத காலம் ஒன்று இருந்தது. 1884-ம் வருஷம் நவம்பர் 25-ந் தேதி, லண்டனில் ஓர் ஆஸ்பத்திரியில், ரிக்மன் காட்லீ என்ற சஸ்திர வைத்தியர் 25 வயது வாலிபன் ஒருவனுடைய மண்டை ஓட்டைத் திறந்தார். அந்த வாலிபனுக்கு முகத்திலும் இடது கையிலும் துடிப்புக் கண்டு, நாளடைவில் இடது கை முடங்கிப்போயிருந்தது. ஹ்யூஸ் பென்னெட் என்ற டாக்டர், இந்த அடையாளங்களை மட்டுமே வைத்துக்கொண்டு, மூளையில் இன்ன இடத்தில் கட்டி இருக்கவேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். சொன்ன இடத்திலேயே, மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, அக்ரோட்டுக் கொட்டை அளவில் ஒரு கட்டி இருந்தது! புத்தியின் வெற்றி என்றால் அதுதான். ஆனால் புண்ணில் கிருமி தொற்றி, நான்கு வாரங்களில் அந்த வாலிபன் இறந்துபோனான்.

1895-ல் ராண்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்தார். ஆனால் அந்தக் கதிர் எலும்பைக் காட்டிற்றே தவிர, எலும்புக் கூட்டுக்குள் இருக்கும் மென்மையான மூளையைக் காட்டவில்லை. 1918-ல் அமெரிக்காவில் வால்ட்டர் டாண்டி என்பவர், மூளையின் அறைகளில் உள்ள நீரை எடுத்துவிட்டுக் காற்றைச் செலுத்திப் படம் பிடித்தார். படம் கிடைத்தது, நோயாளிகள் பட்ட வேதனையோ சொல்லத் தரமன்று. பிறகு 1971-ம் வருஷம் அக்டோபர் 1-ந் தேதி, லண்டனை அடுத்த விம்பிள்டனில், ஹவுன்ஸ்பீல்ட் அமைத்த ஸி.டி. யந்திரத்தில் முதல் முதலாக ஒரு நோயாளி படுத்தார். அவரும் ஒரு ஸ்திரீதான். அவருக்கும் மூளைக் கட்டி என்றுதான் சந்தேகம். மண்டையைத் திறக்காமல், காற்றைச் செலுத்தாமல், கட்டி கண்ணுக்குத் தெரிந்தது.

இத்தனை பேர் இத்தனை காலம் பாடுபட்டது எதற்காக? "எங்கே இருக்கிறது?" என்ற ஒரே கேள்விக்கு விடை காண்பதற்காகத்தான். அந்தக் கேள்வியைக் கேட்கவே வேண்டாம் என்கிறார் நம் நண்பருடைய தாயார்.

காந்தம் செய்கிற வேலை

எம்.ஆர்.ஐ. யந்திரத்தில் எக்ஸ் கதிரே கிடையாது. அதில் இருப்பவை காந்தமும் ரேடியோ அலையுமே. நமது உடம்பில் பெரும் பகுதி தண்ணீர். தண்ணீரில் உள்ள ஹைட்ரஜன் அணு ஒவ்வொன்றின் கருவும் சுழலும் ஒரு சிறு காந்தம் போன்றது.

திருவிழாக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொருவரும் ஒவ்வொரு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சுவாமி புறப்பாடு என்றதும் ஒரு பகுதியாராவது அந்தப் பக்கம் திரும்புகிறார்கள். பெரிய காந்தம் செய்கிற வேலை இதுதான். அப்பொழுது பக்கத்தில் ஓர் அதிர்வேட்டுப் போட்டால், திரும்பிய முகங்கள் ஒரு கணம் அந்தப் பக்கம் போய், பிறகு பழையபடி சுவாமியை நோக்குகின்றன. குழந்தை சட்டென்று திரும்பும். கிழவர் மெதுவாகத் திரும்புவார். ரேடியோ அலைதான் அந்த அதிர்வேட்டு. அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும்போது வெளியிடும் மெல்லிய குரலை யந்திரம் கேட்டுக்கொள்கிறது. கொழுப்பு ஒரு வேகத்திலும், நீர் ஒரு வேகத்திலும், நல்ல மூளைத் திசு ஒரு வேகத்திலும், கட்டியும் அதைச் சுற்றிய வீக்கமும் வேறு வேகத்திலும் திரும்புகின்றன. அந்த வித்தியாசமே படத்தில் கறுப்பும் வெளுப்புமாகத் தெரிகிறது.

குரல் எந்த இடத்திலிருந்து வருகிறது என்று தெரிய வேண்டாமா? அதற்கு வழி சொன்னவர் பால் லாட்டர்பர். காந்த சக்தியை இடத்துக்கு இடம் சிறிது ஏற்றியும் இறக்கியும் வைத்தால், ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு சுருதியில் பேசும். ஸ்வரத்தைக் கேட்டே வீணையில் விரல் எந்த மெட்டில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா? அப்படித்தான் இதுவும். 1973-ல் அவர் பிரசுரித்த முதல் படம் தண்ணீர் நிரம்பிய இரண்டு சிறு குழாய்களின் படம். 1977-ல் ரேமண்ட் டமாடியனும் அவருடைய சகாக்களும் ஒரு மனிதரின் மார்பைப் படம் பிடிக்க ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆயிற்று. படத்தை விரைவில் எடுக்கும் கணித முறைகளை வகுத்தவர் இங்கிலாந்தின் பீட்டர் மான்ஸ்பீல்ட். 2003-ல் நோபல் பரிசு லாட்டர்பருக்கும் மான்ஸ்பீல்டுக்கும் கிடைத்தது. தமக்குக் கிடைக்கவில்லையே என்று டமாடியன் தரப்பில் பத்திரிகைகளில் முழுப் பக்க விளம்பரம் போட்டுச் சண்டை பிடித்தார்கள். விஞ்ஞானிகளும் மனிதர்கள்தானே!

இந்தக் கதையில் நம் பக்கத்துக்கும் ஒரு சிறு பங்கு உண்டு. பெரும்பாலான யந்திரங்களில் காந்தச் சுருளை, சைபருக்குக் கீழே 269 டிகிரியில் திரவ ஹீலியம் குளிர்வித்துக்கொண்டிருக்கிறது. அந்த ஹீலியத்தின் சரித்திரம் 1868-ம் வருஷம் ஆகஸ்டு 18-ந் தேதி நிகழ்ந்த பூர்ண சூரிய கிரகணத்தோடு ஆரம்பமாகிறது. அன்று பிரெஞ்சு வான சாஸ்திரி ழான்ஸென் சூரியனை ஆராய்ந்த இடம், அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூர்!

குகைக்குள் போகுமுன்

"உள்ளே போனால் என்ன செய்யும்?" என்று நண்பர் கேட்டார். வலி இல்லை. ஒரு குழாய்க்குள் சுமார் அரை மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும், அசையாமல் படுத்திருக்க வேண்டும். தச்சுப் பட்டறைபோல் தடதடவென்ற சத்தம் கேட்கும். காதுக்கு அடைப்பான் கொடுப்பார்கள். கையில் ஒரு ரப்பர்ப் பந்தைக் கொடுப்பார்கள். அதை அழுத்தினால் உடனே ஆள் வருவார். மூடின இடம் என்றால் மூச்சுத் திணறுகிறவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

மறைக்கக் கூடாதவை சில உண்டு. இருதயத்தில் வைத்த பேஸ்மேக்கர், மூளை இரத்தக் குழாயில் போட்ட கிளிப், காதுக்குள் பொருத்திய கருவி, பட்டறை வேலையில் கண்ணில் தெறித்த இரும்புத் துகள், கர்ப்பம், சிறுநீரக வியாதி ஆகிய எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும். இப்போதைய பேஸ்மேக்கர்களில் பலவற்றோடு தக்க ஏற்பாட்டின்பேரில் படம் எடுக்கலாம். ஆனால் அதைத் தீர்மானிக்க வேண்டியவர் டாக்டர்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்கிறோம். 1.5 டெஸ்லா அளவுள்ள காந்தம் பூமியின் காந்த சக்தியைப்போல் ஏறக்குறைய 30,000 மடங்கு. படம் எடுக்காத வேளையிலும் அது ஓய்வதில்லை. 2018-ம் வருஷம் ஜனவரியில் மும்பையில், உறவினர் ஒருவருக்காக ஆக்ஸிஜன் உருளையை அந்த அறைக்குள் எடுத்துச் சென்ற ஒருவரை, உருளையோடு காந்தம் இழுத்துக்கொண்டது; அவர் உயிர் போயிற்று. ஆகவே வாசலில் தடுக்கிறவர்களிடம் "ஒரு நிமிஷந்தானே!" என்று வாதாட வேண்டாம்.

படம் தீர்ப்பு அல்ல

படம் எவ்வளவோ சொல்லும். கட்டியின் இடம், அளவு, ஓரம், சுற்றிலும் உள்ள வீக்கம், பேச்சுக்கும் கை அசைவுக்கும் உரிய பாகங்களுக்கு அது எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது என்பது எல்லாம் தெரியும். கடோலினியம் என்ற உலோகம் சேர்ந்த மருந்தை நரம்பில் ஏற்றினால், இரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலுள்ள வேலி பழுதான இடம் பளிச்சென்று தெரியும். எங்கே வெட்டலாம், எங்கே கை வைக்கக் கூடாது என்று சஸ்திர வைத்தியருக்கு வழி காட்டுவது அதுவே.

ஆனால், படமே கடைசித் தீர்ப்பு அல்ல. நமது தேசத்தில் க்ஷயரோகக் கிருமியால் மூளையில் உண்டாகும் கட்டியும், நாடாப் புழுவின் முட்டை வயிற்றில் சென்று அதன் குஞ்சு மூளையில் தங்குவதால் உண்டாகும் கட்டியும், படத்தில் புற்றுநோயைப்போலவே வேஷம் போடுவது உண்டு. அவற்றில் பல மருந்தினாலேயே குணமாகின்றன. மற்றக் கட்டிகளிலும் சாதுவானவை உண்டு, கொடியவையும் உண்டு. இன்னது என்று நிச்சயிக்க, பெரும்பாலும் சிறு துணுக்கு எடுத்துச் சோதித்தாக வேண்டும். ஆகையால், படத்தோடு வரும் காகிதத்தில் உள்ள பயங்கரமான வார்த்தைகளைத் தாமாகவே படித்துவிட்டு இராத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாமல், டாக்டரிடம் விளக்கம் கேட்கவேண்டும். விளக்கிச் சொல்வது டாக்டரின் கடமை. கேட்பது நோயாளியின் உரிமை.

தலைவலி எல்லாம் மூளைக் கட்டி என்று யாரும் நடுங்க வேண்டாம். பெரும்பாலான தலைவலி அப்படி அல்ல. ஆனால் வளர்ந்தவர்களுக்குப் புதிதாக வரும் வலிப்பு, நாளுக்கு நாள் முற்றும் தலைவலியோடு காலை வாந்தி, ஒரு பக்கக் கை கால் சோர்வு, பார்வை மங்கல், பேச்சுக் குழறல், குணத்தில் திடீர் மாறுதல் ஆகியவை கண்டால் வீட்டிலேயே வைத்தியம் செய்துகொண்டு நாளைக் கடத்தக் கூடாது. படத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. தாமதத்துக்கே அஞ்ச வேண்டும்.

இத்தனையும் சொன்ன பிறகு, பணம் எங்கே என்று கேட்பவர்களுக்கு என்ன பதில்? இந்த யந்திரங்களில் மிகப் பெரும்பாலானவற்றை நாம் வெளிநாடுகளிலிருந்தே தருவித்து வந்திருக்கிறோம். 2023-ல் பெங்களூரில் உள்ளூர் எஞ்சினியர்கள் அமைத்த எம்.ஆர்.ஐ. யந்திரம் வெளியிடப்பட்டது. இது ஆரம்பந்தான். குண்டூரில் கிரகணம் பார்த்த தேசம், அந்தக் கிரகணத்தில் தொடங்கிய கதையின் பலனை ஒவ்வொரு ஜில்லாவிலும் ஏழைக்கும் எட்டும்படி செய்யவேண்டாமா?

நண்பர் எழுந்து போனார். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். நகைகளைக் கழற்றச் சொன்னதும் அவர் மனைவி திருமாங்கல்யத்தைப் பற்றிக்கொண்டு தயங்கினாராம். கூட வந்திருந்த மாமியார், மஞ்சள் கிழங்கு கோத்த சரடு ஒன்றைத் தம் முந்தானையிலிருந்து எடுத்துக் கொடுத்து மருமகளின் கழுத்தில் கட்டச் செய்து, தாலிச் சங்கிலியை வாங்கி முடிந்துகொண்டு, அரை மணி நேரம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாராம்.

மூளையை மூடிய உறையிலிருந்து எழுந்த கட்டி என்று படம் காட்டியது. பெரும்பாலும் சாதுவான ஜாதி என்று டாக்டர் சொல்கிறார். எடுத்துச் சோதித்த பிறகே நிச்சயமாகும். அடுத்த புதன்கிழமை சஸ்திர சிகிச்சை. நேற்று நாம் போய்ப் பார்த்தபோது, அந்த அம்மாளே காபி கொண்டுவந்து வைத்தார்.

"இருக்கிறது என்றுதான் சொல்லிவிட்டார்கள், அப்பா! ஆனால் எங்கே இருக்கிறது என்றும் சொல்லிவிட்டார்களே!" என்றார்.