டாக்டர் ஆவோவின் இரண்டாம் பாதி

1948-ஆம் வருஷம் ஜூலை 31-ஆம் தேதி, விடுதலை பெற்று ஓராண்டுகூட நிறையாத பாரதத்தின் கால்பந்துக் குழு, லண்டனை அடுத்த இல்ஃபோர்டில் நடந்த ஒலிம்பிக் ஆட்டத்தில், பெரும்பாலோர் வெறுங்காலுடனேயே பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்தாடி, கிடைத்த இரு பெனால்டிகளையும் கைநழுவவிட்டு, சாரங்கபாணி ராமன் அடித்த ஒரே கோலுடன், ஆட்டம் முடியும் தறுவாயில் 2-1 என்று தோற்ற வரலாற்றைக் கால்பந்துப் பிரியர்கள் அறிவார்கள். ஆனால் அக்குழுவின் தலைவரும், அந்த ஒலிம்பிக் தொடக்க விழாவில் நமது தேசியக் கொடியை ஏந்திச் சென்றவருமான தலிமெரன் ஆவோ, அச்சமயம் கல்கத்தாவில் வைத்திய மாணவராக இருந்தார் என்பதைப் பலர் அறியார்.

நாகா மலைப் பகுதியிலுள்ள சாங்கி கிராமத்தில் 1918-இல் பிறந்தவர் அவர். கிறிஸ்தவப் போதகரான தந்தை 1935-இல் டைபாய்டு ஜுரத்தில் காலமானார்; மகன் டாக்டராகித் தம் ஜனங்களுக்கு ஊழியம் செய்ய வேண்டும் என்பதே அவருடைய ஆசை. கௌஹாத்தி காட்டன் கல்லூரியிலும், பின்னர் கல்கத்தா கார்மைக்கேல் வைத்தியக் கல்லூரியிலும் பயின்றுகொண்டே, 1943-இல் மோகன் பகான் கழகத்தில் சேர்ந்து அதன் தலைவராகவும் உயர்ந்த அவ்விளைஞர், மைதானத்தின் கீர்த்தி படிப்பை விழுங்கிவிட இடங்கொடாமல், 1950-இல் பட்டம் பெற்றார். ஒலிம்பிக் தலைவராக இருந்து இரண்டு வருஷம் கழித்து, தேர்வெழுதித் தேறிய அந்த மனவுறுதியை நான் எந்தக் கோலுக்கும் குறைவாக மதிக்க மாட்டேன்.

அவருடைய மகிமை அதற்குப் பிறகே தொடங்குகிறது என்பது என் துணிபு. புகழ் தந்த கல்கத்தாவிலேயே வாழ்நாளைக் கழித்திருக்கலாம். அவரோ, திப்ருகரில் சில காலம் பணி செய்தபின், 1953-இல் கோஹிமா அரசாங்க ஆஸ்பத்திரிக்கு வந்தார். 1950-களின் மத்தியில் அம்மலைகளில் ஆயுதப் போராட்டம் மூண்டு, சாதாரண ஜனங்கள் பட்ட துயரம் கொஞ்சமன்று. அத்தகைய இடத்தில், அத்தகைய காலத்தில், ஒரு டாக்டர் இருந்தார் என்பதே பெரிய காரியம். 1963-இல் நாகாலாந்து தனி மாநிலமானது. டைபாய்டுக்குத் தந்தையைப் பறிகொடுத்த அந்த மகன், அம்மாநிலத்தின் சுகாதார சேவை இயக்குநராக அமர்ந்து, 1978-இல் ஓய்வு பெறும் வரை அப்பொறுப்பைச் சுமந்தார்.

இல்ஃபோர்டின் 90 நிமிஷங்களை விஸ்தாரமாக எழுதும் நாம், இந்த இருபத்தைந்து வருஷ ஊழியத்தை ஒரே வரியில் கடந்துவிடுவது நியாயமாகாது. படிப்பா, ஆட்டமா என்று பதினைந்து வயதுப் பிள்ளையை வற்புறுத்தித் தெரிவுசெய்யச் சொல்லும் பெற்றோரும் ஆசிரியரும் நிறைந்த நமது தமிழ்நாட்டில், டாக்டர் ஆவோவின் சரித்திரத்தை, கொடியேந்திய நாள் தொடங்கிக் கோஹிமாவில் நோயாளிகளைக் கவனித்த வருஷங்கள் ஈறாக, முழுமையாகப் பாடப்புத்தகத்தில் சேர்க்குமாறு கல்வித் துறையினரைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.