அஞ்சு குளிசைக்கு அடங்காத காய்ச்சல்



"அன்டிபயோட்டிக் எல்லாம் இப்ப வேலை செய்யிறதில்ல" என்று போகிற இடமெல்லாம் சொல்கிறோம். அதே நாம்தான் காய்ச்சல் வந்ததும் வைத்தியரின் துண்டு இல்லாமல் பாமசியில் அஞ்சு குளிசை கேட்கிறோம். கேட்பதும் பிழை, கொடுப்பதும் பிழை.

மாட்டிலிருந்தும் ஆட்டிலிருந்தும் தொற்றும் புரூசெல்லோசிஸைப் பாருங்கள். காய்ச்சாத பாலால் வரும். கன்று விழுந்த மாட்டின் இளங்கொடியை வெறுங்கையால் தொட்டாலும் வரும். விட்டு விட்டுக் காய்ச்சல், இரவு வியர்வை, மூட்டு வலி, இடுப்பு வலி.

ஆய்வுகூடத்தில் சோதித்தால் இந்தக் கிருமி பெரும்பாலும் டொக்சிசைக்கிளினுக்கு அடங்கிவிடும். உடம்புக்குள் கதை வேறு. கிருமியை விழுங்க வரும் வெள்ளை அணுவுக்குள்ளேயே அது குடியிருக்கும். அதனால்தான் ஒரு மருந்தை மட்டும் கொடுத்தால் நோய் திரும்பி வருகிறது. டொக்சிசைக்கிளினுடன் ரிஃபாம்பிசினும் சேர்த்து ஆறு வாரம் என்று உலக சுகாதார நிறுவனம் 1986இலேயே சொல்லிவிட்டது. அஞ்சு குளிசை எங்கே, ஆறு வாரம் எங்கே?

"டொக்சி வீட்டிலேயே கிடக்கே" என்பவர்களுக்கு: கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் வராமலிருக்கக் கிழமைக்கு ஒரு தடவை கொடுப்பது வேறு கணக்கு. அதில் மிச்சம் கிடந்ததைப் போட்டால் காய்ச்சல் கொஞ்சம் தணியும். இரத்தப் பரிசோதனையில் கிருமி பிடிபடாமல் போகலாம். பிறகு அது முள்ளந்தண்டில் போய் உட்காரும். ரிஃபாம்பிசினோ காசநோய்க்கான மருந்து. அதைக் கண்டபடி குடித்துக் கெடுத்தால் நட்டம் ஊருக்கே.

அரசாங்க ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம்தான். ஆனால் கிளினிக் வரிசையில் நின்றால் தோட்டத்தில் அன்றைக்குப் பேர் விழாது. இது சோம்பலில்லை, வயிற்றுப்பாடு. ஆகவே நோயாளியை மட்டும் ஏசிப் பயனில்லை. மாதக்கணக்கில் காய்ச்சலோடு வருபவரிடம் "மாடு, ஆடு வளர்க்கிறீங்களா?" என்று வைத்தியர் கேட்க வேண்டும். ஆறு வார மருந்துக்கு அடிக்கடி அலையவிடக் கூடாது. துண்டில்லாமல் விற்கும் பாமசிகளை அதிகாரிகள் பிடிக்க வேண்டும்.

நம் பங்குக்கு: பாலைக் காய்ச்சிக் குடியுங்கள். பெண் கன்றுகளுக்குத் தடுப்பூசி பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள். ஹஜ்ஜுப் பெருநாளில் மாடு அறுப்பவர்கள் கையுறை போடுங்கள். வைத்தியர் எழுதியதை, சுகமானது போலிருந்தாலும், கடைசிக் குளிசை வரைக்கும் குடியுங்கள்.