ரெண்டே நிமிஷம், ஒரே ஒரு போட்டோ!

ஊர்லேர்ந்து மாமனார், மாமியார் வந்தாச்சுன்னா மும்பைத் தமிழர் செய்யற முதல் காரியம், காரை எடுத்துக்கிட்டு அடல் சேதுவுக்கு ஓடறது. 21.8 கிலோமீட்டர் பாலம், பெரும்பகுதி கடல் மேல. காட்ட வேண்டியதுதான். ஆனா நடுவுல நிறுத்தி, நாலு இன்டிகேட்டரையும் மினுக்கவிட்டு, குழந்தையைக் கைப்பிடிச் சுவரோரமா நிக்க வெச்சு "சிரிடா கண்ணா"ன்னா? 2024 ஜனவரியில பாலம் திறந்த சில நாள்லயே இந்தக் கூத்து ஆரம்பிச்சு, போலீஸ் எச்சரிக்கை விட வேண்டியதாப் போச்சு.

"ரெண்டே நிமிஷம் சார்" என்பார்கள். அங்கே காருக்கு வேக வரம்பு மணிக்கு 100. அதாவது வினாடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர். முன்னால இருக்கற கார் ஓடலை, நிக்குதுன்னு பின்னால வர்றவருக்கு உறைக்க மூணு வினாடி ஆனா 84 மீட்டர் போச்சு. அப்புறம்தான் பிரேக்கே!

"ஓரமாத்தானே நிறுத்தினோம்?" இது மும்பை - புனே எக்ஸ்பிரஸ்வே பார்ட்டி. மழைக்காலத்துல கண்டாலா மலைப்பாதையில அருவியைப் பார்த்ததும் கை ஸ்டியரிங்கை இடது பக்கம் ஒடிக்குது. அந்த ஓரம் பழுதான வண்டிக்கும் ஆம்புலன்ஸுக்கும். பனிமூட்டம், ஈர ரோடு, பாரம் ஏத்தி இறங்கற லாரி.. அந்த லாரி டிரைவர் பிரேக்கோட மல்லுக்கட்டிக்கிட்டிருக்கும்போது நாம செல்ஃபி ஸ்டிக்கை நீட்டறோம்.

சட்டம் இல்லாமலில்லை. மோட்டார் வாகனச் சட்டம் 122-ஆம் பிரிவு, ஆபத்தா வண்டியை நிறுத்தக் கூடாதுங்குது. அபராதம்? 177-ஆம் பிரிவுப்படி முதல் தடவை 500 ரூபாய் வரைக்கும். வங்கிக்காரன் கணக்கு ஒண்ணு சொல்றேன்: பத்து லட்சம் கார் கடனுக்கு 9 சதவீத வட்டின்னா ஒரு நாள் வட்டியே 246 ரூபாய். ரெண்டு நாள் வட்டிக்கு யார் பயப்படுவா? பொதுவழியை மறிக்கறதுக்கு பழைய இந்திய தண்டனைச் சட்டத்துல 200 ரூபாய்தான் இருந்தது. 2024 ஜூலையில வந்த நியாய சம்ஹிதாவுல 5000 வரைக்கும் ஆக்கியிருக்காங்க. இது கொஞ்சம் உறைக்கும். கேமரா வெச்சு வசூலிக்கட்டும், நான் கை தட்டறேன்.

அரசாங்கத்தையும் விடறதா இல்லை. திறப்பு விழாவுக்குப் பக்கம் பக்கமா விளம்பரம் கொடுத்து ஆசை காட்டறீங்க. எங்கே இறங்கிப் பார்க்கலாம்னு அதே விளம்பரத்துல ரெண்டு வரி போட்டா என்ன?

நானே சொல்லிடறேன். பாந்த்ரா - வொர்லி கடல் பாலத்துக்கு வொர்லி கடற்கரைச் சாலை. மலைக்கு, எக்ஸ்பிரஸ்வேயை விட்டு இறங்கி, பழைய ரோட்டுல ராஜ்மாச்சி பாயிண்ட். அடல் சேதுவுக்கு சிவ்ரி ஜெட்டி; குளிர்காலம் தொட்டு மே வரைக்கும் அங்கே பூநாரைக் கூட்டம் வேற இருக்கும், மாமனார் பாலத்தையே மறந்துடுவார்.